கூரையும் காற்றும்

சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். கணவர் 2009 இல் வன்னியில் காணாமற் போனவர். இரண்டு அறையும் ஒரு குசினியுமாக உள்ள சிறிய வீட்டில் மகளோடு வாழ்கிறார். மேலே அஸ்பெஸ்ரஸ் சீற்றுக் கூரை.

ஒவ்வொரு வருடமும் புரட்டாதி பிறந்ததும் அந்த அக்கா ஏணி வைத்து ஏறி, சீற்றின் மேல் படிந்திருக்கும் கறுத்தப் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுப்பார். மகள் கீழே நின்று விழுகின்ற தூளைக் கூட்டி அள்ளுவாள். பிறகு பீலியைத் துப்புரவாக்கி, முதல் மழையைக் கழிய விட்டு, அடுத்த மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பார். மாரி முழுவதும் தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை.

சுன்னாகத்தில் தண்ணீரின் அருமை எல்லோருக்கும் தெரியும். அனல் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரிதாக வெளிவந்தது. நிறைந்த கிணற்றைப் பார்த்துக்கொண்டே வாளியோடு பவுசருக்குக் காத்து நின்றவர்கள் பெண்கள்தான். 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில் தொடங்கியதுதான் இந்த அக்காவின் கூரைத் தண்ணீர்.

நான் பெண்கள் சங்கங்களுடன் வேலை செய்பவள். ஒருமுறை சங்கக் கூட்டத்தில் இந்த அக்காவை எழும்பி நிற்கச் சொல்லி, "ஒருவரையும் எதிர்பார்க்காமல் தன் கையாலேயே வழி தேடியவர்" என்று எல்லோர் முன்னும் பாராட்டினேன். மற்றப் பெண்களும் கை தட்டினார்கள். வேறு இரண்டு பேர் தாங்களும் அப்படியே செய்யப் போவதாகச் சொன்னார்கள்.

அந்தப் பாராட்டில் பாதி பிழை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு வீட்டுச் சுகாதாரம் பற்றிய ஒரு கையேட்டை எளிய தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் சமூகவியல் படித்தவள், வைத்தியம் படித்தவள் அல்ல. ஆகையால் ஒவ்வொரு விடயத்தையும் வைத்தியர்களிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். அஸ்பெஸ்ரஸ் என்ற பகுதிக்கு வந்தபோது எனக்கு அந்த அக்காவின் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். தலைமயிரெல்லாம் சாம்பல் நிறத் தூசியோடு, விளக்குமாறும் கையுமாக நின்ற பிள்ளை.

அஸ்பெஸ்ரஸ் என்பது நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்படும் ஒரு கனிமம். அது நூலாகப் பிரியக்கூடியது. அந்த நார்களைச் சீமெந்தோடு கலந்து அழுத்தித்தான் கூரைச் சீற் செய்கிறார்கள். ஒரு சீற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்த நார் இருக்கும். சீற் முழுதாக, வெடிப்பு இல்லாமல் இருக்கும்வரை நாரைச் சீமெந்து இறுகப் பிடித்து வைத்திருக்கும். அறுக்கும்போது, உடைக்கும்போது, துளைக்கும்போது, கம்பித் தூரிகையால் தேய்க்கும்போது அது தூசியாகக் கிளம்பும். அந்த நார் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது. மணம் இல்லை, தும்மல்கூட வராமல் போகலாம். சுவாசத்தோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிட்டால் உடம்பால் அதைக் கரைத்து வெளியேற்றுவது கடினம்.

நுரையீரல் தடித்து மூச்சு முட்டும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய் ஆகியவை இதனால் ஏற்படுகின்றன. இவை உடனே வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். வேலைத்தளங்களில் அஸ்பெஸ்ரஸைச் சுவாசித்த காரணத்தால் ஆண்டொன்றுக்கு உலகில் 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதும் அதன் முடிவு.

இந்த நோயின் வரலாற்றில் முதலில் வருகின்ற பெயர் ஒரு பெண்ணுடையது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் அஸ்பெஸ்ரஸ் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கேர்ஷோ 1924 இல் தனது 33 ஆவது வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த வைத்தியர் வில்லியம் குக் எழுதிய குறிப்பு அதே ஆண்டு மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. 1965 இல் இலண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தொம்சன் என்ற இரண்டு பெண்கள் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்தவர்களில் ஒன்பது பேர் அஸ்பெஸ்ரஸ் வேலையே செய்யாதவர்கள். அவர்களுடைய வீட்டில் வேறொருவர் அந்த வேலை செய்தவர். கணவனின் வேலை உடுப்பை உதறித் தோய்த்த மனைவிமாரின் கதைதான் அங்கே அதிகம் கேட்டது.

இதை வாசித்தபோது எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது நான் சின்னப்பிள்ளை. 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கூரையில் ஓடும் இல்லை, மரமும் இல்லை. பின்பக்கத்துப் பத்திச் சீற்றுகள் செல் விழுந்து நொறுங்கிக் கிடந்தன. அம்மா அந்தத் துண்டுகளைக் கையால் பொறுக்கி, தூளை ஈர்க்கு விளக்குமாறால் கூட்டி அள்ளினார். பெரிய துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டோம். சிறிய துண்டால் நாங்கள் சீமெந்து நிலத்தில் கோடு கீறிக் கெந்தி விளையாடினோம். அதே வளவில் பிறகு புதுச் சீற் போட்டோம். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய நிம்மதி. வருடா வருடம் ஓலை வாங்கி வேயத் தேவையில்லை, மழைக்கு ஒழுகாது, நெருப்புக்குப் பயமில்லை என்று அம்மா சொன்னது காதில் இருக்கிறது.

ஆகவே சீற்றுக் கூரையைப் பார்த்து "இது நஞ்சு" என்று சொல்ல எனக்கு நாவு எழவில்லை. எங்களில் பலருக்கு அகதி வாழ்க்கை முடிந்து தலைக்கு மேலே வந்த முதல் நிழல் அதுதான். ஒருமுறை கூட்டியதால் நோய் வந்துவிடும் என்றும் இல்லை. எவ்வளவு தூசியை, எத்தனை தடவை, எத்தனை வருடம் சுவாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது. ஆனால் வருடா வருடம் தேய்ப்பது, அதுவும் வளருகின்ற பிள்ளையைக் கீழே நிறுத்தித் தேய்ப்பது, நிற்பாட்ட வேண்டிய பழக்கம்.

நான் திரும்பவும் அந்த அக்காவிடம் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போன வருசம் கூட்டத்திலை வைச்சு என்னைப் புளுகினது நீங்கள்தானே தங்கச்சி" என்றார். "ஓம் அக்கா, எனக்கு அப்ப தெரியாது" என்றேன்.

"கிணத்துத் தண்ணி கூடாது எண்டினம். இப்ப கூரையும் கூடாது எண்டுறியள். அப்ப நாங்கள் எங்கை போய் இருக்கிறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. மகள் உள்ளே இருமுவது கேட்டது. அவளுக்கு முட்டு வருத்தம். மாரி வந்தால் இரவில் பம் இல்லாமல் படுக்க முடியாது. "கூரைத் தூசியாலையோ இந்த முட்டு?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டார். அஸ்பெஸ்ரஸ் நோய் அப்படிச் சிறுவயதில், மாரிக்கு மாரி வந்து போகின்ற ஒன்றல்ல. "பிள்ளை படுக்கிற அறையை ஒருக்கால் பாப்பம்" என்றேன்.

அறைக் கதவைத் திறந்ததுமே மக்கல் மணம். ஒரேயொரு யன்னல். அதிலும் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. 2011 ஆவணியில் கிறீஸ் பூதம் என்ற பயம் யாழ்ப்பாணம் எங்கும் பரவியதே, அந்த நாட்களில் அடித்த ஆணி. பிறகு கழற்றவே இல்லை. சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியை இழுத்தபோது பின்சுவர் முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழைக்கு அந்தச் சுவர் ஊறியது. ஆணித் துவாரம் ஒன்றால் இன்றும் தண்ணீர் வழிகிறது. மழை நாட்களில் உடுப்புக் காய்வதும் அந்த அறைக்குள் கட்டிய கொடியில்தான். அடுப்பில் சோறு கொதிக்கும்போது பானை மூடியின் உட்பக்கம் துளி துளியாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலத்தான் ஈர உடுப்பின் ஆவியும் எங்கள் மூச்சின் ஆவியும் விடியப்புறக் குளிரில் சீற்றின் அடியில் துளித்துச் சுவரால் இறங்குகிறது.

பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரம் மட்டும்தான். அது வளர்ந்து பரப்புகின்ற நுண்ணிய வித்துகள் காற்றில் கலந்திருக்கும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், இழுப்பு, முட்டு, ஒவ்வாமை ஆகியன கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வீட்டில் யார் அதிக நேரம் இருக்கிறார்களோ அவர்களே அந்தக் காற்றை அதிகம் சுவாசிக்கிறார்கள். அதாவது நாங்கள், எங்கள் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் வயோதிபர்கள்.

"யன்னலைத் திறவுங்கோ" என்று கையேட்டில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆண் துணை இல்லாத வீட்டில், இரவில், கம்பி இல்லாத யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை பேரால் நித்திரை கொள்ள முடியும்? அந்த ஆணிகள் வீண் பயத்தால் அடித்தவை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் அக்காவும் நானும் வேறு வழி யோசித்தோம். சங்கத்தின் சுழற்சிக் கடனில் ஒரு சிறு தொகை எடுத்து, சுவரின் மேற்பகுதியில், கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக இரண்டு இடத்தில் பூக்கல் வைத்தோம். கை எட்டாத உயரம். காற்று மட்டும் வந்து போகும். யன்னலுக்கு உட்பக்கம் இரும்புக் கம்பி போட்டுப் பலகையைக் கழற்றினோம். இப்போது பகலில் அது திறந்திருக்கிறது, பொழுதுபட்டதும் பூட்டிவிடுகிறார்.

அலுமாரிக்கு மேலே ஒரு சூட்கேஸ் இருந்தது. அதைத் தொட்டதும் அக்காவின் முகம் மாறியது. உள்ளே கணவரின் இரண்டு சேட்டும் ஒரு சாரமும் சில படங்களும். சேட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

"எறியுங்கோ எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. இவ்வளவு காலமும் தோய்க்காமல் வைச்சிருக்கிறன்."

நான் எறியச் சொல்லவில்லை. அவற்றை வெளியே எடுத்துப் போய் வெயிலில் போட்டு, முற்றத்தில் வைத்தே தூரிகையால் தட்டி, சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் தோய்த்தால் பாவிக்கலாம், படங்களை நிழலில் உலர்த்தி மெல்லிய துணியால் துடைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அன்று அவர் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கிழமை கழித்துப் போனபோது கொடியில் இரண்டு சேட்டும் காய்ந்துகொண்டிருந்தன. "பிள்ளை படுக்கிற அறைதானே" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சகோதரிகளே, எங்களால் உடனே கூரையை மாற்ற முடியாது. ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முழுதாக இருக்கும் சீற்றை அப்படியே விடுங்கள். தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். மழைநீர் பிடிப்பவர்கள் பீலியில் சேரும் சருகை ஈரமாக்கி அள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மழையைக் கழிய விடுங்கள். பீலி வாயில் துணி கட்டி, குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். அஸ்பெஸ்ரஸைப் பொறுத்தவரை குடிப்பதைவிடச் சுவாசிப்பதே பெரிய ஆபத்து.

சீற் மாற்றும்போது மேசன்மாரைக் கிறைண்டரால் அறுக்க விடாதீர்கள். கழற்றுமுன் தண்ணீர் ஊற்றி நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அறுத்தே ஆக வேண்டுமானால் வீட்டுக்கு வெளியே வைத்து, நனைத்து, கைவாளால் அறுக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அயலில் நிற்கக் கூடாது. சாதாரணத் துணி முகமூடி இந்த நாரைத் தடுக்காது. தூளைக் காய்ந்தபடி கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வேலை செய்தவரின் உடுப்பை உதறாமல், வேறு உடுப்போடு சேர்க்காமல், நனைத்துத் தோயுங்கள். உடைந்த துண்டுகளை எரிக்கவோ, பாதைக்கு இடித்துப் போடவோ, அடுப்படியில் வைக்கவோ கூடாது. நெருப்புப் பட்டால் சீற் வெடித்துச் சிதறும். துண்டுகளை நனைத்து, தடித்த பொலித்தீன் பையில் இரண்டு தடவை சுற்றி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்பதைப் பிரதேச சபையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள்.

பூஞ்சணத்துக்கு முதலில் ஒழுக்கை அடையுங்கள். ஈரம் நிற்காவிட்டால் எத்தனை தடவை கழுவினாலும் அது திரும்ப வரும். அலுமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈர உடுப்பைப் படுக்கை அறைக்குள் காயவிடாமல் பத்தியிலோ விறாந்தையிலோ போடுங்கள். சுவரில் சிறிய அளவில் இருந்தால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலர விடுங்கள். முட்டு உள்ளவர்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. வெளிற்றும் தூள் பாவிப்பவர்கள் அதோடு அசிட்டையோ வேறு கழுவும் திரவத்தையோ கலக்க வேண்டாம்; அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் வீட்டுக் காற்றின் மீது மட்டும் பழி போடாமல் வைத்தியசாலைக்குப் போய்ச் சளியைச் சோதியுங்கள். காசநோயாகவும் இருக்கலாம். சோதனையும் மருந்தும் அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்.

இவையெல்லாம் எங்கள் கையில் உள்ளவை. எங்கள் கையில் இல்லாததும் உண்டு. இலங்கையில் நீல அஸ்பெஸ்ரஸ் 1987 இல் தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்ரஸ் தொடர்ந்து வந்தது. 2018 இலிருந்து அதன் இறக்குமதியையும் கட்டுப்படுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 மார்கழியில், எங்கள் நாட்டுத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தி வைத்தது. எங்களுக்கு அஸ்பெஸ்ரஸை அதிகம் விற்கும் நாடும் அதுதான். சில நாட்களிலேயே அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாட்டை அரசு தள்ளிப்போட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இலேயே முற்றாகத் தடை செய்த பொருள் இது. அமெரிக்கா 2024 இல் வெள்ளை அஸ்பெஸ்ரஸுக்குத் தடை விதித்தது. மலையகத்துச் சகோதரி கொய்த தேயிலை விற்பனையாக வேண்டும் என்பதற்காக வடக்கிலும் மலையகத்திலும் உள்ள பெண்கள் இந்தக் கூரையின் கீழ் இருக்க வேண்டியிருக்கிறது. வீட்டுத்திட்டம் என்று யாராவது வந்தால் கேளுங்கள்: கூரை என்ன? ஓடா, அஸ்பெஸ்ரஸ் கலக்காத சீற்றா? வீட்டின் அளவைக் கேட்கின்ற எங்களுக்குக் கூரையைக் கேட்கவும் உரிமை உண்டு.

அந்தப் பிள்ளையின் முட்டு முற்றாக மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. போன மாரியில் இரவில் பம் தேடியது குறைவு என்று தாய் சொன்னார். கூரையில் பாசி கறுப்பாகவே இருக்கிறது, ஒருவரும் தேய்க்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நான் எழும்பி, முன்பு சொன்னது பிழை என்று எல்லோருக்கும் சொன்னேன். தானும் கூரை தேய்க்கப் போவதாக அன்றைக்குச் சொன்ன ஒருவர், "தேய்ச்சுப்போட்டனே, இனி என்ன செய்யிறது?" என்று பயத்தோடு கேட்டார். நான் வாய் திறக்கமுன் அந்த அக்கா எழும்பினார். "ஒருக்கால் தேய்ச்சதுக்குப் பயப்பிடாதையும். இனித் தேய்க்காமல் விடும். முதலிலை உம்மடை அறைக்குள்ளை அலுமாரியை இழுத்துப் பாரும்" என்றார்.